வளைஞ்ச பலகையை நிமிர்த்தப் போனவன்

மீனு,

இதை ஆபீஸ் பஸ்ல தொங்கிட்டே படிக்காத. ஹாஸ்டல் ரூமுக்குப் போய் ஒரு இடத்துல உட்காந்து படி. தமிழ் எழுத்து உனக்கு மெதுவாத்தான் ஓடும்னு தெரியும். இந்த ஊர்லயே வளந்தவ, பெங்காலியில எழுதியிருந்தா சட்டுனு முடிச்சிருப்ப. சட்டுனு முடிக்கக் கூடாதுன்னுதான் தமிழ்ல எழுதறேன். ஞாயித்துக்கிழமை உன்கிட்ட போன்ல கல்யாணச் சமையல்காரரை அரை மணி நேரம் திட்டிட்டு இருந்த மனுஷன், இப்ப எதுக்கு லெட்டர் போடறாருன்னு பயந்துடாத. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இல்லன்னா நாலு பக்கம் ஊர்க்கதை எழுதிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுடுவேன், எனக்கு என்னைத் தெரியும். உங்கம்மா வாழைப்பூ ஆயற மாதிரி நீ வரைஞ்ச படம், ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கண்காட்சிக்குக் குடுக்க வெச்சிருந்தியே, நெத்தியில இருந்து தோள்பட்டை வரைக்கும் விரிசல் விட்டுச்சே, அது உன் கைத்தப்பு இல்ல. நான்தான் உடைச்சேன். உடைச்சுட்டு மறைச்சேன். அந்த விரிசலைப் பாத்துதான் நமக்கு இது வராதுன்னு நீ பிரஷ்ஷைக் கீழ வெச்ச. அந்த நினைப்போடயே நீ அடுத்த மாசம் கல்யாணம் பண்ணிட்டுப் போகக் கூடாது. இதைப் படிச்சப்புறம் நீ என்கிட்ட பேசுவியா மாட்டியான்னு எனக்குத் தெரியல. பயமாத்தான் இருக்கு.

ஏன் இப்பன்னு கேப்ப. போன வாரம், உங்க புது வீட்டுக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகலாம்னு பாக்க அனிர்பான் உன்கூட நம்ம வீட்டுக்கு வந்தான்ல. பரண்ல ஏறினவன், பழைய பெட்ஷீட்ல சுத்தி வெச்சிருந்த அந்தப் பலகையை இறக்கிட்டு வந்து ஹால்ல வெச்சுப் பிரிச்சான். பிரிச்சவன் அப்படியே தரையில உட்காந்துட்டான். சுட்ட அப்பளம் மாதிரி வளைஞ்சு, குறுக்க கீறலோட இருக்கற பலகை. மாப்பிள்ளை கண்ணுக்கு வளைசலும் தெரியல, கீறலும் தெரியல. அருவாமனையில உட்காந்து வாழைப்பூ மடலை உரிச்சிட்டே, 'இப்பத்தான் வர்றதுக்கு நேரம் பாத்தியா'ங்கற மாதிரி உங்கம்மா எரிச்சலா திரும்பிப் பாக்கற அந்தப் பார்வைதான் தெரிஞ்சிருக்கு. "காக்கீமா, இது அப்படியே நீங்கதான்"னு சமையக்கட்டுல இருந்த உங்கம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினான். இதை ஃபிரேம் போட்டு எங்க ஹால்ல மாட்டணும்னான். நீ சிரிச்ச. "சும்மா இரு, எனக்குப் பலகைக்கு அடிப்பூச்சு பூசக்கூடத் தெரியாது, நல்லவேளை சீக்கிரமே புரிஞ்சுது"ன்னு சொல்லிட்டு டீ கப்பை எடுத்துட்டு உள்ள போயிட்ட. நீ அழுதிருந்தா தாங்கியிருப்பேன் கண்ணு. நல்லவேளைன்னு சொன்ன பாரு, அதான் தாங்க முடியல. அரை மணி நேரம் பேப்பர்ல ஒரே பக்கத்தைப் பிடிச்சுட்டு உட்காந்திருந்தேன். உங்கம்மா வந்து, என்ன, மரணச் செய்தி படிக்கறீங்களான்னு கேட்டா.

என் வேலையைப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. முப்பத்தி நாலு வருஷம் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுல வேகன் ரிப்பேர். வளைஞ்ச கதவு, நெளிஞ்ச தகடு, அதை நிமிர்த்தினதுலதான் நமக்குச் சோறு. நீ மூணாவது படிக்கறப்போ ஒரு நாள் உங்கம்மாவுக்கு ஜுரம்னு உன்னை என்கூடவே கூட்டிட்டுப் போயிட்டேன். ஸ்டாஃப் ரூம் ஜன்னல்கிட்ட உட்கார வெச்சு, பழைய ஃபாரத்தோட பின்பக்கத்தைக் குடுத்து ஏதாவது கிறுக்குன்னேன். நீ வெளிய நின்ன வேகனை வரைஞ்சிருந்த. நான் பாத்துட்டு, ஒரு பக்கத்துக்கு நாலு சக்கரம் இருக்கணும், மூணுதான் போட்டிருக்கேன்னு பென்சிலை வாங்கி நாலாவதைப் போட்டுட்டேன். நீ முகத்தைத் தூக்கி வெச்சுகிட்டு, "அது புல்லுக்குப் பின்னாடி இருக்குப்பா"ன்ன. எட்டிப் பாத்தேன். நிஜமாவே ஒரு சக்கரம் புல்லுல மறைஞ்சுதான் இருந்துச்சு. அன்னைக்கு அதை எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பெருமைப்பட்டேனே தவிர புத்தி வரல. நீ கண்ணால பாக்கறதை நான் கையால திருத்தற பழக்கம் அதுக்கப்புறமும் போகல. நாலு கோடு நோட்டுல உன் கையெழுத்தை நிமிர்த்தினேன், நீ நடக்கறதை நிமிர்த்தினேன், ஆர்ட் காலேஜ்ல சேரணும்னு நீ நின்னப்போ உன் ஆசையையும் நிமிர்த்தப் பாத்தேன். அதுல மட்டும் நீயும் உங்கம்மாவும் சேந்து என்னை ஜெயிச்சீங்க.

பலகை வாங்கினதும் நான்தான், அதையும் சொல்லிடறேன். நீ கேன்வாஸ் கேட்ட. துணி கிழிஞ்சு போகும், பலகைன்னா காலத்துக்கும் நிக்கும்னு பெரிய நிபுணன் மாதிரி சொல்லி, மெல்லிசு ஹார்டுபோர்டா பாத்து வாங்கிட்டு வந்து குடுத்தேன். நீயும் வாங்கிகிட்ட. முன்பக்கம் மூணு தரம் வெள்ளை பூசி, தேச்சு, அது மேல வரைஞ்ச. பின்பக்கம் மொட்டையா இருந்துச்சு. அந்த வருஷம் மழை எப்படின்னு ஞாபகம் இருக்கா? பெஹாலாவுல நம்ம தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, அலமாரியில செருப்பு கூடப் பூஞ்சை பிடிச்சுது. செவுத்துல சாத்தி வெச்சிருந்த உன் பலகை மூணும் ஓரம் முன்னாடி தூக்கிகிட்டு வளைஞ்சு போச்சு. காலேஜ் முடிஞ்ச கையோட முதல் கண்காட்சி, மூணு படமும் எடுத்துக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. நீ பதறிப் போய் பவானிபூர்ல ஃபிரேம் போடற தீதிகிட்ட ஓடின. அந்தம்மா, வளைஞ்ச பலகையை அழுத்தி ஃபிரேமுக்குள்ள திணிக்கக் கூடாது, முதல்ல நிமிர்த்தணும், பத்து நாள் ஆகும், கொண்டு வந்து குடுன்னு சொல்லியிருக்காங்க. கண்காட்சிக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. தாராளமா நேரம் இருந்துச்சு மீனு. அதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. திங்கக்கிழமை கொண்டு போறேன், அது வரைக்கும் யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமை ஃபிரெண்டு வீட்டுக்குப் போயிட்ட.

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. வேற என்னத்தைச் சொல்ல? டன் கணக்குல இரும்பை நிமிர்த்தறவன் வீட்டுல இருக்கேன், இந்த அட்டையை நிமிர்த்தப் பத்து நாள் கேக்கறாங்களாம், நம்ம பொண்ணும் அவங்ககிட்ட ஓடறாளாம். எங்கப்பா செஞ்சிட்டாருன்னு நீ சாயங்காலம் வந்து கண்ணை விரிக்கணும், எனக்கு அதுதான் வேணும். இரும்புக்கு எங்க ஃபோர்மேன் சொல்லிக் குடுத்த முறை ஒண்ணு இருக்கு. வளைஞ்ச தகட்டை நேராக்கறதோட நிறுத்தினா, விட்டதும் பழையபடி வளைஞ்சுக்கும். நேர் தாண்டி இன்னும் அரை விரக்கடை எதிர்ப்பக்கம் தள்ளணும், அப்புறம் விட்டா அதுவா வந்து நேரா நிக்கும். அன்னைக்கு மத்தியானம் உங்கம்மா கோயிலுக்குப் போயிருந்தா. பெரிய பலகையை, அதான் உங்கம்மா படத்தை, பால்கனி மேஜையில குப்புறப் போட்டேன். ரெண்டு ஓரத்துக்கும் அடியில கட்டை. முதுகுல குறுக்க ஒரு மரச்சட்டம் வெச்சு, சட்டத்தோட ரெண்டு முனையையும் கிளாம்ப் போட்டு மேஜையோட சேத்து இறுக்கினேன். நேராச்சு. அங்க நிறுத்தியிருக்கலாம். எனக்கு அந்த அரை விரக்கடை வேணுமே, இன்னும் ஒரு சுத்து சுத்தினேன். படக்குன்னு ஒரு சத்தம். பெரிய சத்தம் கூட இல்ல. கிளாம்ப்பைக் கழட்டித் திருப்பிப் பாத்தா, உங்கம்மா நெத்தியில ஆரம்பிச்சு கன்னம் வழியா தோள் வரைக்கும் வாய் பிளந்து கிடந்துச்சு. பெயிண்ட் சில்லு ரெண்டு மேஜையில விழுந்திருந்துச்சு. எடுத்துக் கோந்து தொட்டு ஒட்டப் பாத்தேன், நிக்கல. முதுகுல சட்டம் அழுத்தின தடம் பளிச்சுனு ஒரு கோடா விழுந்திருந்துச்சு. படத்தை எடுத்த இடத்துலயே, முதுகு செவுத்தைப் பாக்கற மாதிரி சாத்தி வெச்சு, மேல பேப்பர் போட்டு மூடிட்டு, கிளாம்ப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

நீ சாயங்காலம் வந்து பேப்பரை எடுத்த.  பக்கத்துல குத்த வெச்சு உட்காந்து, விரலால அந்த விரிசல் மேல காத்துல கோடு போட்ட. நான் கதவுகிட்ட நின்னேன். "நீங்க தொட்டீங்களாப்பா?"ன்னு கேட்ட. சந்தேகப்பட்டு கேக்கல, சும்மா கேட்ட. "நான் எதுக்குத் தொடப் போறேன்?"னு சொன்னேன். அதோட வாயை மூடியிருந்தா ஒரு பொய்யோட போயிருக்கும். நீ அப்படியே உட்காந்திருக்கறதைப் பாக்க முடியாம, எதையாவது பேசி அங்கிருந்து தப்பிக்கணும்னு, "அடிப்பூச்சு சரியில்லன்னா இப்படித்தான் வெடிக்கும்"னு சொல்லிட்டேன். எனக்கு அடிப்பூச்சைப் பத்தி என்ன தெரியும், சொல்லு? ஒரு மண்ணும் தெரியாது. நீ தலையை ஆட்டின. "ஆமாப்பா, மூணாவது கோட் அவசரமாப் போட்டேன்"னு சொன்ன. நான் போட்ட பழியை நீயே வாங்கி மடியில வெச்சுகிட்ட. அப்பக்கூட என் வாயில இருந்து உண்மை வரல. மத்த ரெண்டு படமும் இதே பூச்சுதான், கண்காட்சியில வெடிச்சா மானம் போயிடும்னு மூணையும் குடுக்கலன்னு சொல்லிட்ட. அந்த ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் வெடிக்கல. அதை நீ கவனிச்சியோ என்னவோ, நான் கவனிச்சேன். ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பாத்தேன்.

இன்னொண்ணு இருக்கு. இதை எழுதத்தான் நேத்து முழுக்க பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். அந்த மழைக்காலம் முடிஞ்சு நீ கம்ப்யூட்டர் கோர்ஸ் சேந்த, செக்டர் ஃபைவ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கிடைச்சுது, நான் மாடி மாடியா ஏறி சந்தேஷ் ஸ்வீட் குடுத்தேன். அப்ப எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. பொண்ணு பெயிண்ட் டப்பாவோட அல்லாட மாட்டா, மாசாமாசம் சம்பளம், பொழைச்சுக்குவான்னு நிம்மதி. விரிசல் விட்டதும் ஒரு வகையில நல்லதுக்குத்தான்னு கூட ஒரு நாள் நினைச்சேன். நினைச்ச பாவத்துக்கு என்ன சொல்லி என்ன. நான் வேணும்னு உடைக்கல, அது சத்தியம். ஆனா உடைஞ்சப்புறம் அதுல குளிர் காஞ்சேன், அதுவும் சத்தியம். உன் வேலை நல்ல வேலைதான், நீ அதுல கெட்டிக்காரிதான். அதை நீயா தேர்ந்தெடுத்திருந்தா எனக்கு இந்தக் குத்தல் இருக்காது.

அனிர்பான் வந்து போன மறுநாளே படத்தைத் தூக்கிட்டு பவானிபூர் போனேன். பஸ்ல நிக்கவே இடம் இல்ல, ஆட்டோ பிடிச்சேன். நீ சொன்ன அதே கடைதான், அதே தீதிதான், தலை கொஞ்சம் நரைச்சிருக்கு. என்னைத் தெரியாது அவங்களுக்கு. பொண்ணு ஒன்பது வருஷம் முன்னாடி வரைஞ்ச படம், அவ கல்யாணத்துக்கு ஃபிரேம் போடணும்னேன். முகத்தைப் பாத்து நல்லா வரைஞ்சிருக்கான்னாங்க. விரிசலைப் பாத்தாங்க. "அடிப்பூச்சு சரியில்லதானே?"ன்னு கேட்டேன். அங்க போயும் பாரு, அந்தப் பொய்யே முந்திகிட்டு வருது. அவங்க பலகையைத் திருப்பிப் போட்டாங்க. முதுகுல அந்தக் கோட்டை விரலால தடவினாங்க. "காக்கு, பூச்சு மேல ஒரு குத்தமும் இல்ல. ஒன்பது மழை தாண்டியும் மத்த இடத்துல ஒரு மயிரிழை கூட விடல. இதை யாரோ மரம் வெச்சு இறுக்கி ஒடிச்சிருக்காங்க. தடத்துக்கு நேர் பின்னாடிதான் விரிசல் இருக்கு, பாருங்க"ன்னாங்க. "நான்தான்"னு சொன்னேன். உன்கிட்ட சொல்ல முடியாதது ஒரு கடைக்கார அம்மாகிட்ட எவ்வளவு சுலபமா வந்துச்சு தெரியுமா. அவங்க ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாங்க.

பலகை ஏன் வளையுதுன்னு அப்பதான் கேட்டேன். ஒன்பது வருஷம் முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முன்பக்கம் நாலஞ்சு பூச்சு இருக்கு, அந்த வழியா ஈரம் ஏறாது. பின்பக்கம் மொட்டை. நம்ம ஊர் ஈரத்தையெல்லாம் முதுகு குடிச்சு ஊதுது, முகம் ஊதல, அதனால பலகை முகத்துப் பக்கம் மடங்குது. அதுக்கு முகம் வெடிக்க அழுத்தி என்ன பிரயோஜனம்? மெத்துனு துணி விரிச்சுக் குப்புறப் போட்டு, முன்பக்கம் பூசின மாதிரியே முதுகுக்கும் பூசணும். அது காயக் காய, முன்பக்கம் இழுக்கறதுக்குச் சமமா பின்பக்கம் இழுக்கும். மேல லேசா எடை. "எடை கம்மியா இருக்கணும், நாள் நிறைய குடுக்கணும்"னாங்க. அப்புறம் ஆணி அடிக்காம பின்னாடி மரச்சட்டம் ஒட்டி, அதுக்கப்புறம்தான் ஃபிரேம். விரிசலை அடைச்சுடலாம், கிட்ட வந்து பாத்தா தெரியும், மறைக்க முடியாதுன்னாங்க. சரின்னேன். அவங்க பிரஷ்ஷை எடுத்து முதல் இழுப்பு இழுக்கப் போனப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பூசிட்டா அந்தத் தடம் போயிடும். நான் செஞ்சதுக்கு இருக்கற ஒரே சாட்சி அதுதான். நிறுத்துங்கன்னு கத்திட்டேன். என் பொண்ணு முதல்ல பாக்கணும்னேன். தீதி என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "பாத்தா உங்களுக்குத்தானே கஷ்டம் காக்கு"ன்னாங்க. தெரியும்மான்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னேன். முழுசா கேட்டா. கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சுட்டு, "என் மூஞ்சியில கீறல் போட்டதைக் கூட விட்டுடறேன். இத்தனை வருஷம் அவ எதிர்ல உட்காந்து எப்படிங்க சோறு இறங்குச்சு?"ன்னு கேட்டா.  இன்னையோட அஞ்சு நாள் ஆச்சு, சாதம் போடறா, குழம்பு ஊத்தறா, பேச்சு மட்டும் கிடையாது. லெட்டர் எழுதறேன்னு சொன்னப்போ மட்டும், "எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம், அவளுக்கு அனுப்புங்க"ன்னா. உனக்குப் புரியாத வார்த்தை இருந்தா அவகிட்டயே கேளு.

கல்யாணம் ஆகப் போற பொண்ணுக்கு அப்பன் புத்தி சொல்லணும்பாங்க. எனக்கு அந்த யோக்கியதை கொஞ்சமாத்தான் மிச்சம் இருக்கு, அதனால சுருக்கமாச் சொல்றேன். அனிர்பான் நல்ல பையன். அவன் உன்கிட்ட ஏதாவது சும்மா கேக்கறப்போ, அந்த நிமிஷமே உள்ளதைச் சொல்லிடு. முதல் நாள் சொன்னா ஒரு சண்டையோட போயிடும். மறுநாள் கொஞ்சம் கஷ்டம். ஒரு மாசம் போச்சுன்னா சொல்றதுக்கே வாய் வராது, அப்புறம் அந்தப் பொய்க்குப் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்கப் பழகிடுவோம். அவன்கிட்ட ஏதாவது கோணல்னு உனக்குத் தோணினாலும் என்னை மாதிரி உடனே கிளாம்ப்பைத் தூக்காத. ஈரம் எந்தப் பக்கம் ஏறுதுன்னு முதல்ல பாரு. அது நீ நிக்கற பக்கமா கூட இருக்கும். நான் உங்கம்மாவையும் உன்னையும் ஈரத்தைப் பாக்காம அழுத்தி அழுத்திப் பாத்தவன், அனுபவத்துல சொல்றேன்.

மன்னிச்சுடுன்னு எழுதினா நீ மன்னிச்சே ஆகணும்னு ஆயிடும், கல்யாண நேரத்துல வேற. அதனால அதைக் கேக்கல. திரும்ப வரையணும்னும் சொல்ல மாட்டேன். வரைஞ்சாலும் வரையாட்டியும் அது உன் இஷ்டம், நீ வரையத் தெரியாதவ இல்லங்கறது மட்டும் உனக்குத் தெரிஞ்சிருக்கணும். படம் தீதி கடையிலதான் இருக்கு, முதுகு இன்னும் மொட்டையா இருக்கு. நிமிர்த்த மூணு வாரமாவது வேணுமாம், அதனால இந்த வாரத்துக்குள்ள போயிட்டு வந்துடு. நான் கூட வரல. தனியாப் போ, இல்லன்னா அனிர்பானைக் கூட்டிட்டுப் போ, பலகையைத் திருப்பிப் போட்டுக் காட்டச் சொல்லு, அந்தக் கோட்டுல உன் விரலை வெச்சுப் பாரு. பாத்துட்டு, பூசச் சொன்னா பூசட்டும். அப்படியே விடச் சொன்னா விடட்டும். வளைஞ்சபடியே ஹால்ல மாட்டினாலும் சரி, மாட்டவே வேண்டாம்னாலும் சரி. உன் படம். இந்தத் தடவை நான் கை வைக்க மாட்டேன்.

அப்பா